கிருஷ்ணராசா வேதத்துக்கு மாறிவிட்டாராம்

கிருஷ்ணராசா வேதத்துக்கு மாறிவிட்டார், அதாவது கிறிஸ்தவராகிவிட்டார் என்ற செய்தி லண்டன் செவன் கிங்ஸ் மரக்கறிக் கடையில் புறப்பட்டு, முடிவெட்டும் கடையில் உறுதியாகி, கோயில் அன்னதான வரிசையில் ஞானஸ்நானத் திகதியோடு என்னிடம் வந்து சேர்ந்தது. சாட்சியங்கள் பலமானவை. செவ்வாய் மாலைகளில் தேவாலய மண்டபத்தின் பக்கக் கதவால் உள்ளே போகிறார். வெளியே வரும்போது கண் சிவந்திருக்கிறது. கூடப் போகிறவர்கள் எல்லோரும் ஆண்கள். "சாமியாராப் போறார் போலை" என்றார் ஒருவர், தவமலர் என்றொரு மனைவி அவருக்கு இருப்பதை மறந்து.

வேறு யாராவது மாறியிருந்தால் இவ்வளவு கவலை வந்திராது. கிருஷ்ணராசா தேர்ச் சில்லுக்குக் கட்டை போடுகிறவர். லண்டன் தெருவில் தேர் திரும்பும்போது, ஓரத்தில் நிற்கும் கார்களில் உரசாதபடி மரக்கட்டையைச் சரியான கணத்தில் சில்லுக்கடியில் தள்ள வேண்டும். எங்கள் கோயிலில் மைக் பிடிக்கப் பலர் உண்டு. சில்லுக்குக் கிட்டக் கை கொண்டுபோக அவர் ஒருவர்தான். வேதக்காரர் கட்டை போடலாமா என்று நிர்வாக சபை கூடியது, வடை சாப்பிட்டது, முடிவில்லாமல் கலைந்தது.

வதந்தியைச் சரிபார்ப்பது எங்கள் சமூகத்தில் அவ்வளவு மரியாதையான வேலையல்ல. கேட்டால் கொஞ்சம் சேர்த்து அனுப்புவதுதான் முறை. இருந்தாலும் போனேன்.

"அண்ணை, மாறிட்டீங்களாம்?"

"இருந்து தேத்தண்ணி குடியும். அதைவிடப் பெரிய கதை இருக்கு" என்றார். "எங்கடை ஆக்களிலை ஒருத்தருக்கெண்டாலும் சொல்லிப் பாருங்கோ எண்டு குழுவிலை சொன்னவை. ஆரைப் பிடிக்கிறதெண்டு யோசிச்சன். நீராவே வந்திட்டீர்."

"ஐயோ, உவர் எழுதிற ஆள்" என்று குசினிக்குள்ளிருந்து தவமலர் எச்சரித்தார்.

"எழுதட்டுமன். சனம் இப்ப கதைக்கிறதை விடச் சரியா எழுதுவார்."

யாழ்ப்பாணத்து இணுவிலிலிருந்து அகதியாக வந்தவர். லூயிஷாமில் ஆறு பேரோடு ஒரே அறை, பெற்றோல் நிலையத்தில் இரவு ஷிப்ட். பகலில் ஒரு மொத்த விற்பனைக் கிடங்கில் மூட்டை தூக்கி முதுகு விழுந்தது. லீவு எடுத்தால் வேலை போய்விடும். கூட வேலை செய்த ஒருவன், வலிக்கு நல்லதென்று சொல்லி, அலுமினியத் தாளில் கொஞ்சம் தூளை வைத்துச் சூடாக்கிப் புகையை இழுக்கக் காட்டிக் கொடுத்தான். வலி போனது. ஹெரோயின் தங்கிவிட்டது. கலியாணம் கட்டிய பிறகும் தங்கியது. ரொட்டி சுற்றுகிற தாள் ஏன் இவ்வளவு கெதியாக முடிகிறது என்று தவமலர் வருடக்கணக்காக யோசித்தார். யோசித்துக்கொண்டே வாங்கியும் வைத்தார்.

வைத்தியத்துக்குப் போனபோது கிளினிக்கில் அன்போடு ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்துக் கொடுத்தார்கள். அஜித்தா என்ற பிள்ளை. அவள் வாயிலிருந்து வந்த முதல் கேள்வியே, "அண்ணை, ஊரிலை எவடம்?"

"அதோடை முடிஞ்சுது" என்றார் கிருஷ்ணராசா. "அவளின்ரை பெரியம்மா ஊரிலை எங்கடை ஒழுங்கையிலைதானாம். பிறகு டொக்டர் என்ன கேட்டாலும், 'எல்லாம் விட்டாச்சு, சுகமா இருக்கிறன்' எண்டுதான் சொன்னனான். அவளும் நல்ல வடிவா மொழிபெயர்த்தாள்."

மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்று அரைகுறை ஆங்கிலத்தோடு ஆண்களும் பெண்களும் இருந்த குழுவில் சேர்ந்தார். பெண்களைக் கண்டதும் அவருக்குள்ளிருந்த பெரிய தமையன் எழும்பிவிட்டான். கதிரை அடுக்கினார், தேநீர் ஊற்றினார், அழுத பெண்களுக்கு ஆறுதல் சொன்னார். தன் முறை வந்தால், "நான் ஓகே." அங்கே தொண்டராக வேலை செய்தாரே ஒழிய, வைத்தியம் நடக்கவில்லை. இதைக் கவனித்த, குழுவை நடத்திய பற்றிக் என்ற ஐரிஷ்காரர்தான், "உனக்கு ஆண்கள் மட்டும் இருக்கிற இடம்தான் சரி" என்று இந்தத் தேவாலய மண்டபத்துக்கு மாற்றினார். மண்டபம் வாடகைக்கு; மதத்துக்கும் அதற்கும் வேறு சம்பந்தம் இல்லை.

அங்கேயும் முதலில் ஆண்களின் வழக்கம்தான். யார் அதிகம் கெட்டவன் என்று போட்டி. ஒருநாள் கிருஷ்ணராசா, மகள் பிறந்த நேரம் தான் ஆஸ்பத்திரிக் கழிவறையில் தாளோடு இருந்ததைச் சொல்லிவிட்டார். பக்கத்திலிருந்த சோமாலியர் பிஸ்கட் தட்டை மெல்ல அவர் பக்கம் தள்ளிவிட்டார்.

"அண்டைக்குத்தான் முதல் அழுதது. அங்கை ஒருத்தனுக்கும் இணுவில் எங்கை எண்டு தெரியாது. என்ன நிம்மதி!"

இப்போது காலையில் மருந்துக் கடையில், ஹெரோயினுக்குப் பதிலாகக் கொடுக்கும் பச்சை நிற மெத்தடோன் குடிக்கிறார், பாமசிஸ்ட்டின் கண்ணெதிரில். குடித்த பின் 'தாங்க்யூ' சொல்ல வேண்டும். நாகரிகத்துக்கு அல்ல, விழுங்கியாயிற்றா, வாய்க்குள் இருக்கிறதா என்று பார்க்க. பழைய தூளைத் தொட்டுக் கனகாலம். "குழுவை விட்டா நான் திரும்பிப் போயிடுவன். கட்டையை விட்டா…" என்று தொடங்கியவரை முடிக்க விடாமல் வாசல் மணி அடித்தது.

வாசலில் நிர்வாக சபைத் தலைவர் கோபாலகிருஷ்ணன், வெள்ளை வேட்டி, முழு விபூதி. தவமலர்தான் கதவைத் திறந்தார்.

"பிள்ளை, ஊர் கதைக்கிறது உண்மையே?"

தவமலர் ஒரு கணம்தான் யோசித்தார். "ஓம் ஐயா. வேதத்துக்கு மாறிட்டார்."

நான் தேத்தண்ணியைக் கீழே வைத்தேன். தவமலருடைய கணக்கு எனக்கு விளங்கியது. வேதம் என்றால் சனம் ஒரு மாதம் கதைக்கும். ஹெரோயின் என்றால் மகளின் கலியாணம்வரை கதைக்கும். கிருஷ்ணராசா பேசாமல் இருந்தால் குழு தப்பும், தேர்க்கட்டை கைவிட்டுப் போகும். அவர் என்னைப் பார்த்தார். பிறகு எழும்பி வாசலுக்குப் போனார்.

"அவ பொய் சொல்லுறா ஐயா. நான் மாறேல்லை. எனக்கு ஹெரோயின் பழக்கம். அங்கை ஆம்பிளையளுக்கு வைத்தியம் நடக்குது. தேருக்குப் பிறகும் போவன்."

கோபாலகிருஷ்ணன் நெற்றியைத் துடைத்தார். விபூதியில் பாதி கைக்கு வந்துவிட்டது.

"அப்ப… மாறேல்லை?"

"இல்லை."

"முருகா! அதை முதலே சொல்லியிருக்கலாமே, தம்பி. நாங்கள் எவ்வளவு பயந்துபோனம்." உள்ளே வந்து கதிரையில் இருந்துவிட்டார். பிறகு குரலைத் தாழ்த்தி, "கை நடுங்குமோ?" என்றார்.

கிருஷ்ணராசா இரண்டு கையையும் நீட்டினார். தலைவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். தவமலர் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"கட்டையை நீரே போடும்" என்றார் தலைவர். "ஆரும் கேட்டா முதுகு வைத்தியமெண்டு சொல்லும்."

"கேட்டா உள்ளதைத்தான் சொல்லுவன்."

"அப்ப நான் கேக்கேல்லை" என்று தலைவர் எழும்பினார்.

எல்லாம் சுபமாக முடிந்ததென்று நானும் செருப்பைத் தேடியபோது, தவமலர் குசினியிலிருந்து ஒரு சட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பின்வீட்டு எட்வேட் அண்ணையுடையது. அவர் மன்னார்க் கத்தோலிக்கர். வதந்தியைக் கேட்டுச் சந்தோசப்பட்டு, மனைவி பியற்றிஸைக் கொண்டு நண்டுக் கறி சமைப்பித்து, 'எங்கடை சகோதரனுக்கு' என்று அனுப்பியிருந்தார்.

"நண்டைத் திண்டாச்சு" என்றார் தவமலர். "வெறுஞ்சட்டி திருப்பிக் குடுக்கேலாது. கோயில் பொங்கலை வைச்சுக் குடுத்தா என்னண்டு சொல்லிக் குடுக்கிறது?"

கிருஷ்ணராசா தலையைச் சொறிந்தார். நான் கேட்ட மட்டில், சட்டி இன்னும் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறது.