மூன்றுக்குக் கீழே போனால் வெளியே

எங்கள் குடல் டாக்டரின் கண்ணில் மண்ணைத் தூவ இன்னும் ஒருவரும் பிறக்கவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். புண்ணில்லை, கட்டியில்லை, ஸ்கேனில் ஒன்றுமேயில்லை, ஆனாலும் வயிறு வலிக்கிறது என்று வருகிறவர்களுக்குப் புது மாத்திரை நிஜமாகவே கேட்கிறதா என்று சோதிப்பது அவர் வேலை. அந்தச் சோதனைக்குத் திட்டம் வகுப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஒரு வரிக்காக மூன்று நாள் மல்லுக்கு நிற்பார். பதினெட்டு வருஷமாக அவரிடம் நர்ஸாகக் குப்பை கொட்டும் எனக்குத் தெரியாதா?

அவர் எழுதிய விதிகளில் ஒன்றின் மேல் அவருக்குத் தனிப் பெருமை. முதல் இரண்டு வாரம் மாத்திரையே கிடையாது. தினமும் மாலை ஆறு மணிக்கு நான் போன் செய்து, "இன்னைக்கு வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வேன். மருந்தில்லாமலே மூன்றுக்குக் கீழே இறங்கியவர்களை அனுப்பிவிட வேண்டும். தானாகக் குறைகிற வலியை வைத்துக்கொண்டு மாத்திரையை எப்படி எடைபோடுவது? ஒருமுறை போனவரை மறுபடி சேர்க்கவும் கூடாது.

பதினேழாம் எண்காரர் தனியாக இருக்கும் ஒரு தையல்காரர். எட்டில் தொடங்கி இரண்டுக்கு வந்துவிட்டார். டாக்டர் சிரித்துக்கொண்டே, "உங்களுக்கு நல்லாயிடுச்சு, இனிமே வர வேண்டாம்" என்றார்.

தையல்காரர் முகம் வெளிறிவிட்டது. "பதினாலு வருஷ வலி டாக்டர். வலிக்குதான்னு தினமும் கேட்டது இந்தம்மா மட்டும்தான். எட்டுன்னே போட்டுக்கோங்க, அனுப்பிடாதீங்க."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடனே என்று அரை நிமிஷம் கேட்ட கேள்வி அது. ஆனாலும் விதி விதிதான் என்று தையல்காரரை அனுப்பிவைத்தோம்.

அன்றே டாக்டர் பழைய கோப்புகளை இறக்கினார். பதினொரு சோதனைகளில் இப்படி வெளியே போனவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். "மாத்திரையே இல்லாம இவங்களுக்கு எது கேட்டுச்சுன்னு நான் பார்க்கவே இல்லையே சிஸ்டர்" என்றார். இத்தனை பெரிய மூளைக்கு இது உறைக்கவில்லையே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என் மரமண்டைக்கும்தான் உறைக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, மாலை ஆறு மணிக்கு, அவரே தையல்காரருக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரை அழுத்திவிட்டு, "இன்னைக்கு வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்டார்.

"எட்டு" என்றார் தையல்காரர். "நிஜமாவே எட்டு டாக்டர். இப்ப என்னைச் சேர்த்துப்பீங்கல்ல?"

டாக்டர் என்னைப் பார்த்தார். விதிகள் எழுதிய தாள் மேசைமேல்தான் இருந்தது, அடியில் அவர் கையெழுத்தோடு.