மார்லிஸ் எடுக்காத படம்

பனிப் பிரதேசத்து ஏரிக்கரை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள் மார்லிஸ் கங்காஸ். எழுந்திருக்க முடியாதவர்களின் முதுகுக்கடியில் அவள் படம் பிடிக்கும் ஒரு பலகையை நுழைப்பாள். அதற்கு ஒயர் கிடையாது. உள்ளே பேட்டரி, படம் தானாகக் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். ஆனால் பலகை பனிக்கட்டியாய்ச் சில்லிட்டிருக்கும். அதனால் சூடாக்கிய தலையணை உறைக்குள் போட்டுத்தான் வைப்பாள். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. வயசான உடம்பு நடுங்கினால் அவளுக்குத் தாங்காது, அவ்வளவுதான்.

"பலகையையே கட்டிக்கிட்டியா பொண்ணே? புருஷனைப் போர்த்துற மாதிரி போர்த்துறியே!" என்பார் ரெய்னோ லாஹ்தி. காட்டில் மரம் வெட்டிய மனுஷன். வாதம் வந்து முதுகில் உணர்ச்சி போய்விட்டது. அவருக்கும் உறை போட்டுத்தான் வைப்பாள்.

அவருக்கு நிமோனியா முற்றியிருந்த ஒரு காலையில் செய்தி வந்தது. பலகை செய்த நிறுவனம் எல்லாவற்றையும் திரும்பப் பெறுகிறதாம். துணி சுற்றினால் பேட்டரி கொதிக்கிறது, எங்கோ ஒருவருடைய முதுகு வெந்துவிட்டது, இனி யார்மேலும் வைக்கக் கூடாது என்றார்கள். மார்லிஸ் தினமும் உறை சுற்றித்தான் வைத்திருக்கிறாள். எத்தனை முதுகுகள்!

அங்கே இருந்ததே அந்த ஒரு பலகைதான். படம் பார்க்காமல் ரெய்னோவின் நெஞ்சில் கோத்திருந்த நீரை ஊசி போட்டு எடுக்க டாக்டர் துணியவில்லை. பனிப்புயலில் அவரை நகரத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். ரெய்னோவின் மனைவி எல்மா வழியை மறித்து நின்றாள்.

"உறையக் கழட்டிட்டு வெறும் பலகைய வையேன். சானா நீராவி அறையில வெந்துட்டு ஏரிப் பனிய ஒடச்சுக் குதிச்சவரு. இந்தக் குளிரு அவர என்ன பண்ணிரும்?"

"குளிருக்குப் பயமில்ல எல்மா. அடியில மெத்தையும் துணிதானே, சுட்டா அவருக்குத் தெரியாது. கத்தமாட்டாரு."

"நான் பாத்துக்கறேன். ஒரே ஒரு படம்."

"முடியாது எல்மா."

"இத்தன வருஷமா உன் இஷ்டத்துக்குச் சுத்தி வச்சியே, அப்ப யாரைக் கேட்ட?"

 மார்லிஸ் பலகையை அலமாரியில் வைத்துப் பூட்டினாள். ஆம்புலன்ஸ் கிளம்பியது. முன்னால் பனி தள்ளும் வண்டி ஊர்ந்துகொண்டிருக்க, பாதி வழியிலேயே ரெய்னோவின் மூச்சு நின்றது.

மார்லிஸ் செய்ததுதான் சரி என்று ஊரே சொன்னது. சரிதான், யார் இல்லையென்றார்கள்? சரியாகச் செய்தவளுக்குத் தூக்கம் வரவில்லையே.

அடக்கம் முடிந்து சர்ச்சில் காப்பி கொடுத்தார்கள். மார்லிஸ் நேரே சமையலறைக்குப் போய்க் கோப்பைகளைக் கழுவ நின்றாள். எல்மா பக்கத்தில் வந்தாள்.

"அன்னிக்கு வச்சிருந்தா சுட்டிருக்குமா?"

"தெரியல எல்மா."

"சுட்டிருக்கும்னு சொல்லேன். பொய்யாவாவது சொல்லேன்டி."

மார்லிஸ் வாயைத் திறந்தாள். அந்தப் பொய் வரவில்லை. எல்மா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு, ஈரக் கோப்பை ஒன்றை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.