நஃப்தாலியின் நோன்பு

வியன்னா யூத விளையாட்டுச் சங்கத்து மல்யுத்த வீரன் நஃப்தாலி, பிழைப்புக்குக் கேக் சுட்டான். சுட்டதில் பாதி அவன் வயிற்றுக்கே போனதால், அவன் பிரிவுக்கு எடை அதிகமென்று ஒவ்வொரு போட்டியிலும் அவனைத் தராசிலிருந்தே திருப்பி அனுப்பினார்கள்.

அந்த ஆண்டுப் போட்டிக்கு எடை பார்க்கும் நேரம், யூதர்கள் ஒரு நாள் முழுக்க உண்ணாமல் குடிக்காமல் இருக்கும் யோம் கிப்பூர் நோன்பு முடியும் மாலையில் அமைந்தது. ஜெப ஆலயத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்காதவன், அன்று பச்சைத்தண்ணீர்கூடக் குடிக்காமல் நாள் முழுக்க முன்வரிசையில் நின்றான். ஆலயத்தின் மதகுருவான ரபி உருகிப்போனார்.

“உன் பக்தியப் பாத்து எனக்கே கண்ணு கலங்கிடுச்சுப்பா. அடுத்த வருஷமும் வருவேல்ல?”

தராசை நோக்கி ஓடத் தொடங்கியிருந்த நஃப்தாலி திரும்பிக் கத்தினான்:

“ஐயோ, இந்தப் பட்டினி நம்மளால ஆகாது ரபி! அடுத்த வருஷம் குண்டனுங்க பிரிவுக்கு மாறிடறேன்!”