ரத்னம்மா கவிழ்த்த இரண்டு சீட்டு

அன்று காலை பால் எடுக்கக் கதவைத் திறந்தேன். எதிர்வீட்டு வாசலில் பத்துப் பன்னிரண்டு ஜோடிச் செருப்பு கிடந்தது. ரத்னம்மா வாசலில் எப்போதும் ஒரே ஜோடிதான் கிடக்கும். உள்ளே போகும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. தூக்கத்திலேயே போய்விட்டாளாம்.

இந்தக் குடியிருப்பில் அவளை உங்கள் எல்லோருக்கும் தெரியும். ஒயர் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். லிஃப்ட் நின்றால் செக்ரட்டரியைக் கன்னடத்தில் திட்டுகிறவள். எனக்குப் போக்கர் சொல்லிக்கொடுத்தவள் என்பது மட்டும் தெரிந்திருக்காது. நான்தான் வெளியே சொல்லாதே என்றேன். என் பேரன் பேத்தி நாலு பேரும் வெளியூரில் இன்ஜினியர். அவர்கள் பாட்டி சீட்டாடுகிறாள் என்று பேச்சு வரக் கூடாதே.

ஊத்தங்கரையை விட்டு மகனோடு ஓசூர் வந்த புதிது. எட்டு மணிக்குக் கம்பெனி பஸ் மகனையும் மருமகளையும் ஏற்றிக்கொண்டு போனால், சாயங்காலம் வரை நானும் மின்விசிறியும்தான். ஒரு நாள் கடுகு கேட்டு வந்த ரத்னம்மா உட்கார்ந்துவிட்டாள்.

“சீட்டு ஆடுவியாக்கா?”

“ரம்மின்னா ஆடுவேன். எங்கூட்டுக்காரரு இருந்தப்ப ஆடினது.”

“ரம்மி பேடக்கா, வேணாம். போக்கர் ஆடலாம். போன்ல கத்துக்கிட்டேன். போனோட ஆடி என்ன, தோத்தா திட்டக்கூட ஆளில்ல.”

காசு வேண்டாம் என்றேன். பந்தயம் கட்ட ஆளுக்கு ஐம்பது புளியங்கொட்டை. கையில் இரண்டு சீட்டு. நடுவில் முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக ஒன்று திறப்பாள். ஏழில் நல்ல ஐந்து யாருக்கோ அவர் ஜெயித்தார். முதல் ஆட்டத்திலேயே நான் பிடிக்காத சீட்டை வீசிவிட்டுக் கட்டிலிருந்து ஒன்றை உருவினேன். ரம்மிப் பழக்கம். என் கையைத் தட்டினாள்.

“வந்ததை மாத்த முடியாதுக்கா. வச்சிக்கிட்டு ஆடணும், இல்ல கவுத்துட்டுப் போவணும்.”

அந்தக் கவிழ்ப்பதுதான் எனக்கு வரவே இல்லை. தோற்றேன் என்று என் வாயால் சொல்வதா? இரண்டும் ஏழும் மாதிரி உதவாத சீட்டை வைத்துக்கொண்டு கடைசி வரை கொட்டையைத் தள்ளுவேன். “கவுக்கறது தோல்வியில்லக்கா, அடுத்த ஆட்டத்துக்குக் கொட்டை மிச்சம்” என்பாள். நல்ல சீட்டு வந்தாலும் உபயோகமில்லை. “ராணி வந்தா உன் மூக்குத்திகூடச் சிரிக்குது” என்று உடனே கவிழ்த்துவிடுவாள். அவள் என்ன வைத்திருந்தாள் என்று திருப்பப் போனால் விடமாட்டாள். கவிழ்த்த சீட்டைப் பார்க்கக் கூடாது, அது சட்டம்.

பெரிய ஆட்டம் ஒன்றுகூட நான் ஜெயித்ததில்லை. ஒரு நாள் சொன்னேன்: “பாவம்னு விட்டுக்குடுத்தே, இந்த வாசப்படி மிதிக்காதே.”

“விட்டுக்குடுக்க நீ என்ன என் மருமவளா?” என்றாள்.

கடைசியாக ஆடிய மத்தியானம் அவள் சோர்வாக இருந்தாள். கேட்டதற்கு, வெயில் என்றாள். என் கையில் இரண்டு ராணி. நடுவில் சின்னச் சீட்டுகளோடு ஒரு ராஜா. அவளிடம் இன்னொரு ராஜா இருந்தால் நான் காலி. மூச்சை அடக்கி, முகத்தில் ஒன்றும் காட்டாமல், இருந்த கொட்டை அத்தனையும் தள்ளினேன். அவள் என் மூக்குத்தியையே வெகுநேரம் பார்த்தாள். பிறகு இரண்டு சீட்டையும் கவிழ்த்தாள்.

“ஜெயிச்சிட்டேக்கா. நான் போய்ப் படுக்கறேன்.”

மறுநாள்தான் அந்தச் செருப்புகள்.

என் முகத்தைப் பார்த்து ஏமாந்தாளா? ராஜாவை வைத்துக்கொண்டே விட்டுக்கொடுத்தாளா? உட்கார முடியாமல்தான் எழுந்து போனாளா? காரியம் முடிந்த பிறகு அவளுடைய சீட்டுக்கட்டைக் கொடுக்க அவள் மகளைக் கூப்பிட்டு, கடைசி ஆட்டத்தைச் சொன்னேன். “நீங்களே வச்சுக்கோங்க ஆன்ட்டி. அந்த ரெண்டையும் திருப்பிப் பாத்துடுங்களேன், மனசு ஆறும்” என்றாள். நான் பார்க்கவில்லை. சட்டம் சொன்னவள் இல்லை என்பதற்காகச் சட்டம் போய்விடுமா?

எட்டு மணிக்குப் பஸ் போனதும் மேசை முன் உட்காருகிறேன். இரண்டு சீட்டும் அவள் பக்கத்தில் கவிழ்ந்தே இருக்கின்றன. சாயங்காலம் மகன் வந்து, “இன்னிக்குப் பொழுது எப்படிம்மா போச்சு?” என்று கேட்கிறான். “நல்லாப் போச்சுப்பா” என்கிறேன். மூக்குத்தி அசைவதில்லை. அவள் சொல்லிக்கொடுத்ததில் என்னிடம் இருப்பது அதுதான்.