முதல் மூன்று மாதம் இலவசம்

என் சகலையை, அதாவது என் மனைவியின் அக்கா கணவரை, உறவுக்குள் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. 'டிரெண்ட்' என்றால் போதும், சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும். கல்யாண வீட்டில் பார்த்தால் நலம் விசாரிக்க மாட்டார். "உங்க பக்கம் வாடகை டிரெண்ட் எப்படி?" என்பார். நான் சொந்த வீட்டில் இருப்பவன், எனக்கு என்ன தெரியும்? வாய்க்கு வந்ததைச் சொல்லி வைப்பேன். அதையும் பெரிய ஞானம்போல் வாங்கிக்கொண்டு தலையாட்டுவார்.

அவர் பிறவிப் பணக்காரர் இல்லை. குழாய், பேசின், தண்ணீர்த் தொட்டி விற்கும் கடையில் சேல்ஸ்மேனாகச் சேர்ந்து, அந்தக் கடையையே வாங்கி, பிறகு அதை விற்று, போதாததற்கு வங்கிக் கடன் வாங்கி, ஒரு குடியிருப்புக் கட்டிடத்தைப் பிடித்தார். மேலே மூன்று மாடி, மாடிக்கு இரண்டு வீடு. கீழே ஒரே பெரிய வீடு. அதில் அவரும் அக்காவும் இருந்தார்கள். அக்கா என்பது அவர் மனைவி, மருந்துக் கடையில் வேலை. என் மனைவி கூப்பிடுவதைக் கேட்டு நானும் அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டேன். மேல் வீட்டு வாடகையில் தவணை கட்டுவார், மிஞ்சியதில் சுவருக்குச் சாயம் அடிப்பார். அப்படியே ஓடியிருந்தால் எனக்கு எழுத ஒன்றும் இருந்திருக்காது.

கெடுத்தவர் வங்கி மேனேஜர். ஒரு நாள் இவரை உட்காரவைத்து, வாடகைக் கட்டிடத்தின் மதிப்பு செங்கல்லிலும் சிமென்ட்டிலும் இல்லை, அக்ரிமென்டில் எழுதியிருக்கும் வாடகையில்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். வாடகை கொஞ்சம் ஏறினால் மதிப்பு எக்கச்சக்கமாக ஏறுமாம், கொஞ்சம் இறங்கினால் அதலபாதாளத்துக்குப் போகுமாம். வங்கி கடன் தருவதும் அதை வைத்துத்தானாம். அன்றிலிருந்து வாடகையைக் குறைப்பது என்ற பேச்சே அவர் காதில் விழக்கூடாது என்றாகிவிட்டது.

முதல் மாடியில் ஒரு பஸ் டிரைவர் குடும்பம் வருடக்கணக்காக இருந்தது. தேதி தவறாத வாடகை. குழாய் ஒழுகினால் டிரைவரே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். அவருக்கு ஒரேயடியாக வாடகையை ஏற்றினார் சகலை. பாதி ஏற்றத்துக்கு டிரைவர் ஒப்புக்கொண்டார். இவர் மசியவில்லை. அவர்கள் காலி செய்து போனார்கள், வீடு பூட்டிக் கிடந்தது. வந்துகொண்டிருந்ததும் போயிற்றே என்று நான் கேட்டதற்கு, என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். வாடகை குறையவில்லை, ஆள்தான் இல்லை என்று விளக்கினார். அதற்கு மேல் வாதாட எனக்குப் படிப்புப் போதாது.

இப்படியே ஒவ்வொரு வீடாகப் பூட்டு ஏறியது. அந்த நேரம் பார்த்து வங்கிக் கடனின் கெடுவும் நெருங்கியது. ஒன்று, கடனைப் புதுப்பிக்க வேண்டும். இல்லையென்றால் மொத்தத்தையும் திருப்பிக் கட்ட வேண்டும். அதுவும் முடியாவிட்டால் கட்டிடம் ஏலத்துக்குப் போகும். சகலை புள்ளிவிவரங்களோடு அலைந்துகொண்டிருந்தார். அக்கா ஒரே ஒரு முறை என்னிடம் வாய்விட்டுப் பேசினார்.

"மேல இருக்கறது மொத்தமும் போனாலும் எனக்குக் கவலை இல்ல, தம்பி. இந்தக் கீழ் வீடு நின்னா போதும். வாங்கினப்புறம் இத மாத்திக் கட்டினப்ப, சமையலறை ஜன்னல எங்க வைக்கணும்னு கொத்தனார் பக்கத்துல நின்னு சொல்லி வச்சது நான்."

சகலைக்கு யோசனை பிறந்தது. வாடகையைக் குறைக்கத்தானே கூடாது? வாங்காமல் இருக்கலாமே. 'முதல் மூன்று மாதம் இலவசம்' என்று வாசலில் போர்டு மாட்டினார். அக்ரிமென்டில் முழு வாடகை இருக்கும், நாலாவது மாதத்திலிருந்து கட்டினால் போதும். தெருவே திரண்டு வந்தது. ஆறு வீடும் நிரம்பி, மாடிப்படியில் சைக்கிள் நிறுத்த இடமில்லாமல் சண்டை வந்தது. சகலை அந்தச் சண்டையைக்கூட ரசித்து நின்றார்.

வங்கி அனுப்பிய மதிப்பீட்டாளர் வந்தார். ஒவ்வொரு கதவுக்கு வெளியேயும் செருப்புகளைப் பார்த்தார், அக்ரிமென்டுகளைப் புரட்டினார், முகம் மலர்ந்தது. கீழ் வீட்டுக்கு வந்ததும் இங்கே என்ன வாடகை என்று கேட்டார். நாங்கள்தான் இருக்கிறோம் என்றார் சகலை. அப்படியென்றால் வருமானம் பூஜ்யம் என்று குறித்துக்கொண்டார் அவர். அந்த ஒரு பூஜ்யத்தால், கேட்ட கடனுக்குக் கட்டிடத்தின் மதிப்பு கொஞ்சம் எட்டவில்லை.

மறுநாளே சகலை கீழ் வீட்டுக்கும் அக்ரிமென்ட் போட்டார். உரிமையாளர் அவர், குடித்தனக்காரர் அக்கா. மார்க்கெட் வாடகை, அக்காவின் சம்பளத்திலிருந்து. அக்கா கையெழுத்துப் போட்டார். ஜன்னல் தப்பிக்கிறதென்றால் எதில் வேண்டுமானாலும் போட்டிருப்பார். கடன் கிடைத்தது, முன்னைவிடப் பெரிதாகவே. சகலை எங்கள் வீட்டுக்கு ஓடிவந்து கட்டிடத்தின் புது மதிப்பைச் சொன்னார். தவணை எவ்வளவு ஏறியிருக்கிறது என்று என் மனைவி கேட்டாள். சின்னப் புத்தி என்று அவளைக் கடிந்துகொண்டார்.

மூன்று மாதம் முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வாசலில் லாரி வந்து நின்றது, அதன் பின்னால் இன்னொன்று. அந்த வாரம் முடிவதற்குள் ஆறு வீடும் காலி. கடைசியாகப் போனவர் சகலையின் கையைக் குலுக்கி, இதே திட்டம் வேறெங்காவது இருந்தால் சொல்லுங்கள் என்று நம்பரும் கொடுத்துவிட்டுப் போனார். நான் சிரித்தேன். சிரித்திருக்கக் கூடாது, ஆனால் யாரால் அடக்க முடியும்?

இப்போது கட்டிடத்தில் முழு வாடகை கட்டும் குடித்தனம் ஒன்றே ஒன்றுதான். சகலை மிச்சம் மீதியைச் சுரண்டித் தவணை கட்டினார். போர்டை மட்டும் கழற்றவில்லை. ஒரு மாதம் மருந்துக் கடையில் சம்பளம் தாமதமாக, அக்காவின் வாடகையும் தாமதமானது. அக்ரிமென்டில் தாமதக் கட்டணம் என்று ஒன்று இருக்கிறது என்று அவர் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு ஞாபகப்படுத்தினார். விளையாட்டாகத்தான் சொன்னேன் என்று பின்னால் என்னிடம் சாதித்தார். அக்கா கட்டணத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, ஒரு மாத நோட்டீஸ் கொடுத்தார். இரண்டு தெரு தள்ளி, டிரைவர் குடும்பம் இருக்கும் கட்டிடத்திலேயே, பாதி வாடகைக்கு ஒரு வீடு பார்த்துவிட்டாராம்.

சகலை வியர்த்து விறுவிறுத்து எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னைத் தூது போகச் சொன்னார். நீங்களும் வாருங்கள் என்று இழுத்துக்கொண்டு போனேன். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது, பாவமாகவும் இருந்தது. அக்கா சமையலறையில் டப்பாக்களை அட்டைப்பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தார். சகலை தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"உனக்கு வேணா ரெண்டு மாசம் வாடகை இல்லாம..."

நான் தலையில் கைவைத்துக்கொண்டேன். அக்கா நிமிரவே இல்லை.

"நான் உங்கள விட்டுப் போகல. வாடகை வீட்டத்தான் காலி பண்றேன். இது நம்ம வீடா இருந்த வரைக்கும் நான் எங்கயாவது போறேன்னு சொன்னதுண்டா?"

சகலை பெட்டிமேல் உட்கார்ந்தார். உள்ளே ஏதோ நொறுங்கியது. யாரும் அதைப் பொருட்படுத்தவில்லை. வாடகையைக் குறைத்துக்கொள்கிறேன் என்று முனகினார். அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

தனக்குக் குறைக்க வேண்டாம், மேல் வீடுகளுக்குக் குறையுங்கள் என்றார் அக்கா. பேங்க் என்று ஆரம்பித்த சகலை, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். போனை எடுத்து வீட்டு புரோக்கரைக் கூப்பிட்டார். போர்டை எடுத்துவிடப்போவதாகச் சொன்னார், ஆறு வீடும் காலி என்றார், புது வாடகை என்று தொடங்கினார். தொகை வரவில்லை. உதடு அசைகிறது, குரல் இல்லை. கடைசியில் போனை மனைவியிடம் நீட்டிவிட்டார்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். டிரைவர் கட்டிய பழைய வாடகையை நிதானமாகச் சொன்னார். அந்தப் பக்கம் புரோக்கர் கீழ் வீட்டைப் பற்றி ஏதோ கேட்டிருக்க வேண்டும்.

"இல்லங்க, அத யாருக்கும் காட்ட வேணாம்," என்றார் அக்கா. "அதுல நாங்க இருக்கோம்."