மிச்சமிருந்த நான்கு விழுக்காடு

காலையில் மின்நிலையத்தின் பூட்டைத் திறந்ததும் அர்செனியோ விளக்கைப் போடுவதில்லை. வலது கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, ஆறு பேட்டரிப் பெட்டிகளின் மேலும் புறங்கையை வரிசையாக வைத்துப் பார்ப்பார், பிள்ளைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல. சூடு எவ்வளவு என்று திரையிலேயே இருக்கிறது. அதைப் பிறகுதான் பார்ப்பார். பதினெட்டு வருஷம் டீசல் எஞ்சினோடு பழகிய கை.

எஞ்சின் இருந்தவரை அவர் வேலை பனாகுயான் தீவு முழுக்கக் காதில் விழுந்தது. சூரியத் தகடுகளும் பேட்டரியும் வந்து, எஞ்சின் பழைய இரும்புக்குப் போனபின் சத்தமே இல்லை. "உள்ள போய்த் தூங்கிட்டு வர்றதுக்கா மனோங் சம்பளம்?" என்பாள் மீன்காரி நெட்டிங். அங்கே மூத்தவர்களை 'மனோங்', அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் சிரிப்பதோடு சரி.

அக்டோபரில் புயல் எச்சரிக்கை வந்தது. புயல் என்றால் தீவில் குடம், வாளி, தொட்டி எதையும் காலியாக விடமாட்டார்கள். இப்போது மின்சாரத்தையும் அப்படியே பிடித்து வைக்கப் பார்த்தார்கள். தண்ணீர் மோட்டார், ஐஸ் பெட்டி, மூன்று நாளைக்கான சோறு, எல்லாம் ஒரே மதியத்தில். தொண்ணூறு காட்டிய திரை மூன்று மணிக்கு அறுபது காட்டியது. வானம் அதற்குள் மூடியிருந்தது.

மருத்துவ நிலையத்தில் மனோங் திபோ படுத்திருந்தார், பழைய படகோட்டி. ஆக்சிஜன் எந்திரம் இல்லாமல் அவரால் அதிக நேரம் தாங்க முடியாது. அந்த ஒரு கட்டடத்துக்கு மட்டும் விட்டால் அறுபது விழுக்காடு இரண்டரை நாள் வரும். அர்செனியோ ஊருக்குப் போகும் இணைப்பின் சுவிட்சை இறக்கினார்.

ஐந்தாவது நிமிஷம் நெட்டிங் வாசலில் நின்றாள்.

"என்ன மனோங், புயலுக்கு முன்னாடியே நீங்க வந்துட்டீங்க?"

"திபோவுக்கு வேணும்மா."

"என் ஐஸ் இன்னும் உறையல. அத்தனை மீனும் நாறப்போகுது."

"உப்புப் போடு."

"உங்க வாயில போடறேன்."

புயல் அடித்தது. அது போனபிறகும் வெயில் வரவில்லை. மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை அர்செனியோ மழையில் நனைந்துகொண்டு மருத்துவ நிலையத்துக்குப் போய் எட்டிப் பார்த்தார். எந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. திபோ கையை மட்டும் உயர்த்திக் காட்டுவார்.

அவர் கணக்குப்படி மூன்றாவது இரவு விடிவதற்குள் எல்லாம் தீர்ந்திருக்க வேண்டும். ஒன்பது மணிக்கு வெயில் விழுந்தபோது திரையில் நான்கு விழுக்காடு மிச்சம் இருந்தது. அர்செனியோ ஆறாவது பெட்டியை முதன்முறையாகத் தட்டிக்கொடுத்தார். பேட்டரி செய்தவர்கள் அளவைக் குறைத்து எழுதியிருக்கிறார்கள், சரக்கு அதைவிட நல்லது என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். நெட்டிங் கருவாட்டுப் பொட்டலம் ஒன்றை நீட்டினாள். "இந்தாங்க, நீங்க சொன்ன உப்பு."

மார்ச்சில், படகுத்துறையில், திபோவின் மனைவி சலுத் பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். கரண்ட் தீர்ந்துபோனால் அர்செனியோவை ஊரே வையும் என்று, அந்த நாட்களில் திபோ தன்னால் முடிந்தவரை எந்திரத்தை நிறுத்தி நிறுத்தித்தான் வைத்திருந்தாராம். வாசலில் அர்செனியோவின் செருப்புச் சத்தம் கேட்டால் போடுவார். அது தெருமுனை தாண்டியதும் அணைத்துவிடுவார்.