பாலுசி வைக்க மறுத்த பெயர்

எங்கள் ஊரில் சாகலாம், பிறக்கத்தான் கூடாது. சவப்பெட்டி செய்யப் பலகை இருக்கிறது. தீயணைப்பு வண்டி இருக்கிறது. பனிச்சறுக்கு ஆடக் கூரை போட்ட மைதானம்கூட இருக்கிறது. பிரசவம் பார்க்க மட்டும் ஆள் இல்லையாம். வயிறு முற்றியதும் பெண்களை விமானத்தில் ஏற்றித் தெற்கே, மரம் முளைக்கிற ஊருக்குக் கொண்டுபோய் ஒரு விடுதியில் அடைத்துவிடுவார்கள். வலி எடுக்கும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். நானும் உட்கார்ந்து வந்தவள்தான். ஏன் இப்படி என்று கேட்டால், எல்லாம் உங்கள் பாதுகாப்புக்குத்தான் என்பார்கள்.

என் கொழுந்தன் பாலுசி தண்ணீர் லாரி ஓட்டுகிறவன். வடதுருவத்தை ஒட்டிய எங்கள் ஊரில், வருஷம் பூராவும் உறைந்து கிடக்கிற தரையில் குழாய் புதைக்க முடியாது. அவன் வந்து தொட்டியை நிரப்பினால்தான் முகம் கழுவலாம். மகா கோபக்காரன். வாசல் பனியை அள்ளாமல் போட்டிருக்கும் வீட்டுக்குத் தண்ணீருக்கு முன்னால் வசவு வந்து சேரும். "பாலுசி வர்றான், காதைப் பொத்திக்கோ" என்று ஊர் சிரிக்கும். திட்டிக்கொண்டே மண்வாரியை எடுத்து அவனே அள்ளிப் போட்டுவிடுவான் என்பதும் ஊருக்குத் தெரியும்.

அந்தக் கோபம் எல்லை மீறிப் போனது அவனுடைய அண்ணனால். காவ்னக், என் புருஷன். ஜூன் மாதம், கடல் பனி இளகுகிற நேரம். "போகாதண்ணா, அடியில தண்ணி அரிச்சிட்டிருக்கு" என்று பாலுசி என் சமையலறையில் நின்று கெஞ்சினான். அவர் சிரித்தார். ஒரே ஒரு கடல்நாய், அடித்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்றார். "டீக்குத் தண்ணி வை" என்று என்னிடம் சொல்லிவிட்டு, தம்பியின் பனிவண்டியையே எடுத்துக்கொண்டு போனார். பனி உடைந்து வண்டியோடு கடலுக்குள் போய்விட்டார். பாலுசிதான் கொக்கி போட்டு இழுத்தான். அன்றைக்கு அவன் அழவில்லை. "சொன்னேன்ல, சொன்னேன்ல" என்று பிணத்தோடு சண்டை போட்டான்.

எங்களில் இறந்தவர் பெயரைப் பிறக்கிற குழந்தைக்கு வைப்போம். வைத்தால் அவரே வந்துவிட்டார். ஆணா பெண்ணா என்பதெல்லாம் பொருட்டில்லை. அவரை என்ன முறை சொல்லிக் கூப்பிட்டோமோ, அந்த முறையிலேயே குழந்தையையும் கூப்பிடுவோம். அதனால் குழந்தை பிறந்த வீட்டில் ஊர் கேட்கிற முதல் கேள்வி, "யார் வந்திருக்காங்க?"

பாலுசியின் மனைவி ஊலீபா மாசமாக இருக்கிறாள் என்று தெரிந்ததுமே ஊர் முடிவு கட்டிவிட்டது, காவ்னக்தான் வருகிறார் என்று. பாலுசி மட்டும் மறுத்தான்.

"அவன் பேரை வைக்க மாட்டேன் அண்ணி. பேச்சுக் கேக்காமப் போனவன் அங்கேயே கிடக்கட்டும்."

"உன் கோவத்துக்கு என் புருஷன் வெளிய நிக்கணுமா?"

"நிக்கட்டும். நான் கொக்கியோட நின்னேன்ல?"

நானே வைத்துவிட்டிருக்கலாம். ஆனால் தகப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிற வீட்டுக்குள் மனுஷன் எப்படி வருவார்?

பிப்ரவரியில் ஊலீபாவை ஏற்றிவிட்டார்கள். தலைப்பிரசவம், நானும் போகிறேன் என்று பாலுசி, நோயாளிகளை அனுப்பிவைக்கிற பயண அலுவலகத்துக்குப் போன் போட்டான். அந்தப் பக்கம் ஒருத்தி, "உங்க மனைவி நல்லாத்தானே இருக்காங்க, நல்லா இங்கிலீஷ் பேசறாங்க, துணைக்கு ஆள் எதுக்கு?" என்றாள்.

"என் குழந்தைம்மா அது!"

"வாழ்த்துகள் சார்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அந்த வாழ்த்துகளை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது. அவன் விடவில்லை. ஊலீபாவுக்கு அந்த விடுதிச் சோறு இறங்கவில்லை என்று கேள்விப்பட்டு, உறைந்த மான் இறைச்சியை ஒரு பெட்டி நிறைய அனுப்பினான். பச்சையாகச் சாப்பிடுவது சுகாதாரக் கேடு என்று விடுதிக்காரர்கள் குப்பையில் போட்டார்கள். குப்பையில்! அவன் பனியில் படுத்துக் காத்துக்கிடந்து சுட்ட மான் அது.

பெண் குழந்தை பிறந்த செய்தி, பிறந்து முடிந்த பிறகுதான் வந்தது. ஊர் வானொலிக்காரன் வழக்கம்போலக் கேட்டான். "யார் வந்திருக்காங்க பாலுசி?"

"யாரும் வரல. பொண்ணு பொறந்திருக்கு, அவ்வளவுதான்."

ஊரே அதை வானொலியில் கேட்டது. எனக்கு அவனை அறைய வேண்டும் போல இருந்தது.

மறுநாள் மத்தியானம் என் வீட்டுத் தொட்டிக்கு அவன் குழாயை மாட்டித் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஊலீபா. பின்னால் குழந்தை வீரிட்டுக்கொண்டிருந்தது.

"அக்கா, நிறுத்தவே மாட்டேங்குது. பால் குடிக்கல. நர்ஸ் வாயுங்கறா. வாயு இல்லக்கா, பேர் கேட்டுத்தான் அழுவுது. அவரைக் கூப்பிடு."

ஜன்னலைத் தட்டினேன். பனி ஒட்டிய பூட்ஸோடு உள்ளே வந்தான். போனை அவன் காதில் அழுத்தினேன். மகளின் குரலை அவன் முதல்முதலாகக் கேட்டது அப்போதுதான். பாட்டுப் பாடுவான், செல்லம் கொஞ்சுவான் என்று நினைத்தேன். பாலுசியா கொஞ்சுவான்? வெடித்தான்.

"ஏண்ணா போன? போகாத போகாதன்னு எத்தனை வாட்டி சொன்னேன்! என் வண்டியை எடுத்துட்டு, என்னையே வந்து இழுக்க வச்சியே! கையெல்லாம் வெறைச்சுப்போச்சு தெரியுமா? இப்ப என்ன கத்தற? நான் கத்தினப்போ கேட்டியா நீ?"

போனில் சத்தம் நின்றுவிட்டது. பயந்துபோய் நான் போனை ஸ்பீக்கரில் போட்டேன்.

"நிறுத்திட்டாரு" என்றாள் ஊலீபா. "கண்ணை முழிச்சுக்கிட்டுக் கேக்கறாரு. இன்னும் கொஞ்சம் திட்டுங்க."

அவன் திட்டினான். காவ்னக் காவ்னக் என்று பெயர் சொல்லித் திட்டினான். திட்டத் திட்ட மூக்கும் கண்ணும் ஒழுகின. வெளியே தொட்டி நிரம்பி வழிந்து என் வீட்டுச் சுவரெல்லாம் பனியாக உறைந்துகொண்டிருந்தது. வேறு எவனாவது இப்படிக் குழாயை மறந்திருந்தால் அவனைத் தொலைத்திருப்பான்.

போதும் என்று போனைப் பிடுங்கினேன். எனக்கும் அந்த ஜூன் மாதத்துக் கோபம் இருந்தது.

"டீக்குத் தண்ணி வைன்னு சொல்லிட்டுப் போனீங்களே" என்றேன். "தண்ணி வத்தி, கெட்டில் அடி தீஞ்சுபோச்சு. தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்தேன், போகல. அதைத் தூக்கிப் போடவும் மனசு வரல. உங்களுக்கென்ன, நீங்க பாட்டுக்குப் போயிட்டீங்க."

அந்தப் பக்கம் குழந்தை பால் குடிக்கிற சத்தம் கேட்டது.

"சரி" என்றேன். "வாங்க."